மீன் குடிலுக்கு வரிச்சலுகை

டொம்... கிரீச்... டொம்.

இருட்டிய பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. ஆறு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டி, ஆடி, பாடி, அப்போதுதான் தொட்டிலில் கிடத்தியிருந்தாள் சிக்னி. குழந்தை வீல் என்றது.

"பால்டர்! வெளியில யாரோ இருக்காங்க."

"காத்தா இருக்கும்."

"காத்து கதவைத் தட்டிட்டா வரும்?"

"டாஃபின் ஊர்க் காத்தும்மா. மரியாதை தெரிஞ்சது."

சொல்லிவிட்டானே தவிர, பனி அள்ளும் மண்வெட்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டுதான் பால்டர் வாசலில் இறங்கினான். முற்றத்தில் கள்ளனும் இல்லை, கரடியும் இல்லை. அவனுடைய மீன் குடில்தான் நின்றது. அதன் கதவுதான் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

குடில் என்றால் நான்கு பலகைச் சுவர், ஒரு பெஞ்சு, ஒரு குட்டி அடுப்பு, தரையில் ஒரு ஓட்டை. உறைந்த ஏரிமேல் அதை இழுத்துப்போய் நிறுத்தி, ஓட்டை வழியாகத் தூண்டிலை விட்டு, உலகத்தை மறந்து உட்காரலாம். மார்ச் முடிவதற்குள் குடில்கள் ஏரியை விட்டு வெளியேற வேண்டும் என்பது சட்டம். அன்று மாலைதான் பால்டர் அதை வீட்டு முற்றத்துக்கு இழுத்து வந்திருந்தான். கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் கிடையாது. ஏரி நடுவில் எவன் திருட வருவான்? உள்தாழ்ப்பாள் மட்டும்தான். உள்ளே ஆள் இருந்தால் கதவு அடங்கும், இல்லாவிட்டால் அடிக்கும்.

அந்தக் குடிலால் வீட்டில் ஏற்கெனவே ஒரு போர் நடந்திருந்தது. டிசம்பரில் பால்டருக்கு டாஃபின் மருத்துவமனையில் கொதிகலன் பார்க்கும் வேலை கிடைத்து, பழைய ஊரான கிம்லியிலிருந்து குடும்பத்தோடு கிளம்பியபோது, குடிலை ஏற்ற லாரிக்காரன் தனிக் கூலி கேட்டான்.

"இதை இங்கேயே வித்துட்டு வா" என்றாள் சிக்னி.

"வேலைக்காக வீடு மாறினா, சாமான் ஏத்தின கூலியை வரியில கழிச்சுக்கலாம். அரசாங்கமே சொல்லுது. நமக்குச் சல்லிக்காசு செலவில்லை!"

"கழிக்க முடியாதுன்னா?"

"அன்னிக்கே வித்துடறேன். சத்தியம்!"

சத்தியம் செய்யும்போது, வரிக்கணக்கு கொடுக்க வேண்டிய ஏப்ரல் வெகுதூரத்தில் இருந்தது. இப்போது பக்கத்து வீட்டு ஓல்ஹா ஹ்னாத்தியுக், மூக்குக்கண்ணாடியோடு சமையலறை மேசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷம் ஊருக்கே வரிக்கணக்கு எழுதிய அம்மாள். கணக்கில் பொய்யை மட்டும் சேர்க்கமாட்டாள்.

"புது வீடு வேலைக்கு நாப்பது கிலோமீட்டராவது கிட்ட வந்திருக்கணும் தம்பி."

"முன்னூறு கிட்டத்துக்கு வந்திருக்கு ஓல்ஹாம்மா."

"சரி. இது என்ன, ஜன்னல் திரைச்சீலை?"

"புது வீட்டுக்கு வாங்கினது."

"செல்லாது. இது?"

"முன்னாடியே வீடு பார்க்க வந்து போன பெட்ரோல்."

"அதுவும் செல்லாது." ஒவ்வொன்றாகப் பேனாவால் கழுத்தறுத்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "மீன் குடிலா? வீட்டுச் சாமானுக்குத்தான் கழிவு. மீன் பிடிக்கிற பெட்டி எப்படிப்பா வீட்டுச் சாமானாகும்?"

அடுப்படியில் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்த சிக்னியின் கரண்டி நின்றது. பால்டரின் இதயமும் கொஞ்சம் நின்றது.

"பெட்டியா!" என்று எழுந்தேவிட்டான். "அது எங்க வீட்டோட இன்னொரு அறைம்மா! கால் நீட்டிப் படுக்கப் பெஞ்சு இருக்கு. அடுப்பு மூட்டினா தாய்மடி மாதிரிக் கதகதப்பு!"

"தரையில ஓட்டை இருக்கே?"

"காத்தோட்டம்!"

"குடும்பம் புழங்குதா?"

"குடும்பமே புழங்குது!"

"நான் ஒரு நாளும் உள்ள போனதில்லையே" என்றாள் சிக்னி.

பால்டர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான், கெஞ்சினான், புருவத்தாலேயே காலில் விழுந்தான். "இனிமே போவா ஓல்ஹாம்மா."

"நான் பொய் எழுதமாட்டேன். சிக்னி, நீ சொல்லு."

சிக்னி கரண்டியைக் கீழே வைத்தாள். "அது நம்ம வீட்டு அறைதானே, பால்டர்?"

"ஆமா கண்ணு."

"எனக்கும் அதுல பாத்தியதை உண்டா?"

"உண்டாவா? முழுசும் உனக்குத்தான்!"

"அப்ப நான் புழங்குவேன். எழுதுங்க ஓல்ஹாம்மா."

ஓல்ஹா எழுதினாள். குடில் பிழைத்தது. சந்தோஷத்தில் பால்டர் கிறிஸ்துமஸுக்குச் செய்து ஃப்ரீசரில் பத்திரப்படுத்திய அடுக்கு கேக்கைத் தடிமனாக வெட்டி அவளுக்கு வைத்தான்.

"எவ்வளவு திரும்ப வரும்?"

"முழுக்கூலியும் வராது தம்பி. அந்தத் தொகைக்கு வரி கிடையாது, அவ்வளவுதான். அஞ்சில ஒண்ணு தேறினா அதிகம்."

சிக்னி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பால்டர் சுதாரித்திருப்பான்.

அன்றிரவும் காற்று வந்தது. டொம்... கிரீச்... டொம். குழந்தை வீல். பால்டர் இதற்காகத்தான் காத்திருந்தான். உள்ளே படுத்துத் தாழ் போட ஒரு தியாகி வேண்டுமே! அழுகை கேட்காத இடத்தில், பெஞ்சில், போர்வைக்குள், விடிய விடிய ஒரு தியாகம்.

"நீ பயப்படாதே சிக்னி. நானே போய்..." என்று திரும்பினான். அவனுடைய தலையணை சிக்னியின் அக்குளில் இருந்தது. அவனுடைய ஃபிளாஸ்க் அவள் கையில்.

"புட்டிப் பால் தயாரா இருக்கு. டயப்பர் இரண்டாவது தட்டுல."

"நீ எங்க போறே?"

"என் அறைக்கு."

"குளிரும்மா!"

"தாய்மடி மாதிரிக் கதகதப்புன்னியே."

"மீன் நாத்தம் குடலைப் புடுங்கும்!"

"ஆறு மாசமா பால் வாந்தியோட படுக்கறேன். மீன் எனக்கு மல்லிகை."

"தனியா பயமா இருக்காது?"

"ஆளில்லாம அடிக்கிற கதவுக்குத்தான் பயந்தேன். இப்ப உள்ள ஆள் இருக்கே."

பனி நறநறக்க அவள் நடந்து போனாள். குழந்தையைக் கம்பளியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு பால்டர் பின்னாலேயே ஓடினான்.

"சிக்னி! இவளுக்குப் பாட்டு எது? எந்தப் பாட்டுக்குத் தூங்குவா?"

"எதுக்கும் தூங்கமாட்டா" என்றது குடிலுக்குள்ளிருந்து ஒரு நிம்மதியான குரல். "வரி ஆபீஸ்லேருந்து யாராவது வந்தா மட்டும் எழுப்பு."

க்ளிக் என்று உள்தாழ்ப்பாள் விழுந்தது. அதன் பிறகு அந்தக் கதவு அடிக்கவே இல்லை.