ராணியின் கொம்பும் வைஷ்ணவியின் வில்லும்

கோட்டைக்குப்பம்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய, பதினோரு நாளாகப் போனை எடுக்காத தாய்மாமன் ஆதிகேசவன் அவர்களுக்கு, அக்காள் மகள் பூவிழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், தங்கை வைஷ்ணவி, அம்மா, நைனா எல்லோரும் நலம். ஆரம்பாக்கத்தில் நீங்களும் அத்தையும் டீக்கடையும் நலமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எங்கள் நான்கு பேரையும் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அம்மா உங்கள் கூடப்பிறந்த அக்காள் என்றுகூடப் பார்க்கவில்லை. காகிதத்தைத் தடுக்க இன்னும் வழி வரவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். கிழிக்கத் தோன்றினால் முழுவதும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொன்னேரியில் வைஷ்ணவிக்கு மாவட்ட வில்வித்தைத் தேர்வுப் போட்டி. மரவில் பிரிவு. நீங்கள் வராவிட்டால் தானும் போகப்போவதில்லை என்கிறாள். "மாமா குடுத்த கொம்ப வெச்சிக்கினு மாமா இல்லாம அம்பு விடுவனா? எனக்கு இன்னா மானம் இல்லியா?" என்று என்னைக் கேட்கிறாள். பதினாறு வயதில் அவளுக்கு இருக்கிற மானத்தில் பாதி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியும் தப்பான பாதி. அந்த வில், நைனாவின் பழைய படகுக்கோல். ஏரியில் படகு தள்ளித் தள்ளி வழவழப்பாகிப்போன கல்மூங்கில். அதை அவர் மூன்று நாள் தேடி, பக்கத்துவீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு, அவரோடு பேச்சையும் நிறுத்திய பிறகுதான் வைஷ்ணவி அதைச் செதுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நாணுக்கு வலை பின்னும் நைலான் நூலை எட்டு இழையாக முறுக்கினாள். நாண் எந்த நூலாக இருந்தாலும் சரி, ஆனால் வில்லில் இரும்போ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது, மரம், மூங்கில், கொம்பு மட்டும் என்பது போட்டி விதி. வில்லின் முனையிலேயே சின்னதாக வெட்டி நாணை மாட்டிப் பயிற்சிக்குப் போனாள். மூன்று அம்பு நேராகப் போயின. நான்காவதுக்கு இழுக்கும்போது நூல் மூங்கிலை அறுத்துக்கொண்டு இறங்கி, முனை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து, அம்பு பக்கவாட்டில் பறந்து, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த போட்டி அமைப்பாளரின் தட்டுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. அந்த ஆள் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, "வலை கட்ற கயித்த வில்லுல கட்னா இப்டிதான். மீனவப் பொண்ணுதான நீ, நீச்சல் போட்டிக்குப் போயேன்மா" என்றாராம். அவர் தட்டில் இருந்த இறால் அந்தக் கயிற்றில் வந்ததுதான். நான் அங்கே இல்லாமல் போனது அவருடைய நல்ல காலம். எங்கள் ஏரியில் கண்ட கழிவையும் கலந்துவிட்டு, எங்கள் இறாலையும் தின்றுவிட்டு, எங்கள் பிள்ளைகள் எதில் கலந்துகொள்ளலாம் என்பதையும் இவர்களே தீர்மானிப்பார்கள். சரி, அதை விடுங்கள், அந்தப் பேச்சுக்குள் போனால் நான் திரும்பி வர மாட்டேன்.

நைனா பிளந்த முனையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கயிறு ஓட்ற எடத்துல மரம் நிக்காது. படகு விளிம்புல எதுக்கு டயர் துண்ட ஆணி அடிச்சி வெச்சிருக்கோம்? வலைக்கயிறு அறுக்காம இருக்கத்தான?" வில்லுக்கும் அதே கதைதான் மாமா. மூங்கிலுக்கு நார் நீளவாக்கில் ஓடுகிறது. அதில் இறுக்கமான நூல் பதிந்தால் விறகு பிளக்கிற மாதிரிப் பிளக்கும். கொம்பு அப்படிப் பிளக்காது. வில்லில் பிளந்த பகுதியை அறுத்தெறிந்துவிட்டு, முனையைப் பென்சில்போலச் சீவி, அதன்மேல் கொம்பு நுனியைத் தொப்பி மாதிரி மாட்டி, அந்தக் கொம்பில் பள்ளம் எடுத்து நாணை உட்காரவைத்தால் நூல் மரத்தைத் தொடவே தொடாது. பித்தளை மாட்டலாம் என்றால் கனம், அம்பின் வேகம் போய்விடும். தவிர, விதியும் விடாது. மேல்முனைக் கொம்பு கொஞ்சம் நீளமாக இருக்கும், நாண் பூட்டும்போது பிடித்து வளைக்க. கீழ்முனைக்குக் குட்டையாக இருந்தால் போதும். இதையெல்லாம் வைஷ்ணவி கைப்பேசியில் பார்த்துப் பார்த்துப் படித்து எங்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் எடுத்தாள். ஆனால் மீன்பிடிக்கிற ஊரில் கொம்புக்கு எங்கே போவது? நண்டுக்குக் கொடுக்கு இருக்கிறது, கொம்பு இல்லை.

அப்போதுதான் உங்கள் டிவிக்கு மேலே மாட்டியிருந்த, செத்துப்போன எருமை ராணியின் கொம்புகள் நினைவுக்கு வந்தன. அம்மா மஞ்சள்காமாலையில் கிடந்த ஆறு மாதம் கைக்குழந்தை வைஷ்ணவியை நீங்கள் ஆரம்பாக்கத்தில் வைத்துக்கொண்டு ராணியின் பால் கொடுத்து வளர்த்தீர்கள். அந்த எருமை இல்லாவிட்டால் இவள் இல்லை. நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டோம். நீங்கள் தயங்கவே இல்லை. நாற்காலி போட்டு ஏறி இடது கொம்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, "பாலும் உனக்குத்தான் குடுத்தா, கொம்பும் உனக்குத்தான்மா" என்று சொல்லி அழுத அழுகையில் டீக்கடையில் வடை கருகிப்போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா, "அந்த எருமைக்கு ஒரு கொம்பு ஒடிஞ்சில்ல இருந்துச்சி?" என்று இழுத்தார். அம்மா, "வாய மூடிக்கினு வா. என் தம்பி அங்க அழுவுறான்" என்று அடக்கிவிட்டாள்.

படகு என்ஜின் பழுதுபார்க்கும் ரஞ்சித்தான் கொம்பின் நுனியை அறுத்துத் துளை போட்டுக் கொடுத்தான். வீடெல்லாம் முடி கருகிய நாற்றம். அம்மா சாம்பிராணி போட்டும் போகவில்லை. மாட்டிப் பார்த்தால் இம்மி அளவு தளர்வு. பசை வைத்தால் சரியாகியிருக்கும். வைஷ்ணவி பசை வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் நைனா, "இதுக்கு எதுக்குப் பசை? புதுப் படகுப் பலகை தண்ணியில ஊறினா தானா கவ்விக்குதா இல்லியா?" என்று கொம்பு மாட்டிய வில்லைக் கொண்டுபோய் ஏரியில் படகோரமாகக் கட்டி அமுக்கிவிட்டார். அறுத்தது போக மீதமிருந்த அடிக்கொம்பையும் கூடவே போட்டார், கீழ்முனைக்கு ஆகுமாம். முப்பது வருடமாகப் படகில் பலித்த வித்தை. மூங்கில் ஊறியது, பருத்தது. கொம்பு பருக்குமா? சாயங்காலம் தூக்கிப் பார்த்தால் ராணியின் கொம்புத் தொப்பி அடியிலிருந்து நுனிவரை வெடித்துக் கிடக்கிறது, அடிக்கொம்புக்குள் நண்டு ஒன்று குடியேறியிருக்கிறது. வைஷ்ணவி அழவில்லை. நைனாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் இரண்டு நாள் கடலிலேயே இருந்துவிட்டார்.

வலது கொம்பு விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கேட்க நாங்கள் ஆரம்பாக்கம் வந்தபோது நீங்கள் கடையில் இருந்தீர்கள். திருடவில்லை மாமா. அத்தைதான் சுவரிலிருந்து எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து, "மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க கெளம்புங்க" என்றாள். அவள் சொல்லவில்லை என்பது அன்று சாயங்காலம் நீங்கள் எங்களைத் தடுத்தபோது புரிந்தது. வெறும் ஆணியைப் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வில்லை வந்து பாருங்கள். மேல்முனையில் கறுப்பாக, மினுமினுப்பாக, லேசாக வளைந்து நிற்கிறது. நாண் பதியும் பள்ளத்தைக் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறாள், இல்லையென்றால் கொம்பே நூலை அறுக்குமாம். மீதியில் கீழ்முனைக்கும் ஒரு குட்டைத் தொப்பி. நூற்றுப் பத்து அம்பு விட்டாயிற்று, மூங்கிலில் ஒரு கீறல் இல்லை. பால் கொடுத்தவள் இப்போது வில்லின் தலையில் உட்கார்ந்து அவளைக் காக்கிறாள் என்று அம்மா சொல்கிறாள். நான் இந்த மாதிரிப் பேச்சை நம்புகிறவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை.

காது குத்தும்போது உங்கள் மடியில்தான் உட்கார்ந்தாள். இதற்கும் நீங்கள்தான் வர வேண்டும். அந்த அமைப்பாளர் முன்னால், முதல் வரிசையில், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு மேல் கெஞ்ச எனக்கு வராது. உங்கள் மூட்டுவலி குறையட்டும், வடை கருகாமல் இருக்கட்டும், அத்தையைத் திட்டாதீர்கள்.

என்றும் உங்கள் வாயாடி மருமகள்,
பூவிழி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் உங்கள் பைக் வந்து நின்றது. நீங்கள் இப்போது வெளியே நைனாவோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைக் கையிலேயே தருகிறேன், எழுதியது வீணாகக் கூடாது. வந்ததும் நீங்கள், "எல்லாரும் சிரிச்சி முடிச்சிட்டீங்களா?" என்றீர்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "இடது கொம்புக்குள்ள கடைக்காரன் ஒட்டின வெலைச் சீட்டு இருந்துச்சில்ல. அதப் பாத்துட்டுதான ரெண்டாவதையும் எடுத்தாந்தீங்க?" என்றீர்கள். மாமா, நாங்கள் எந்தச் சீட்டையும் பார்க்கவில்லை. நைனா ஊறப்போட்டதில் அது கரைந்து போயிருக்கும், இல்லாவிட்டால் நண்டு தின்றிருக்கும். நீங்களாக வந்து சொல்லாவிட்டால் சாகும்வரை எங்களுக்குத் தெரிந்திருக்காது. ராணிக்கு ஒரு கொம்பு பாதியில் ஒடிந்ததாம், "வர்றவங்க எதிர்ல அவள மூளியா காட்ட மனசு வரல" என்று கடையில் ஜோடியாக வாங்கி மாட்டினீர்களாம். அது தெரிந்து நாங்கள் சிரிக்கிறோம் என்ற வெட்கத்தில்தான் எங்களைத் தடுத்தீர்களாம். ஆகையால் மேலே நான் ராணியைப் பற்றி உருகி எழுதியதெல்லாம் முகம் தெரியாத ஏதோ ஒரு எருமைக்குச் சேரும்.

வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கும் நிஜக் கொம்புகளை அறுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். வைஷ்ணவி மாட்டேன் என்கிறாள். கடைக் கொம்பே நன்றாக நிற்கிறதாம், இவற்றில் கத்தி படக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவது முடிவாகிவிட்டது, அம்மா சாட்சி. ஒடிந்த கொம்பையும் முழுக் கொம்பையும் வைஷ்ணவி இப்போது பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டு ஏணியையும் எடுத்துவிட்டாள். உங்களுக்குப் பயந்து இல்லை. நைனா ஊறப்போட்டுவிடுவார்.