மாடியில் கடல் வைத்த திக்திக் மாஸ்டர்

உலகத்தில் பயந்தாங்கொள்ளிகள் நிறைய உண்டு. ஆனால், இருக்கிற பயங்கள் போதாதென்று கண்ணாடித் தொட்டி ஒன்று செய்து, அதில் கடலைக் கொண்டுவந்து ஊற்றி, மாடியில் ஏற்றிவைத்துப் பயந்த ஒரே மனிதர் எங்கள் திக்திக் மாஸ்டர்தான். இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு மாடிக் கட்டடம். கீழே கன்னியப்பன் அண்ணனின் அரிசி மண்டி. மேலே மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாங்கள் அங்கே போய் விரல் நோக டைப் அடித்துக்கொண்டிருந்தோம். மாஸ்டருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது யாருக்கும் தெரியாது. மெஷின்கள் டக்டக்கென்று அடிக்க, அவர் நெஞ்சு மட்டும் திக்திக்கென்று அடிக்கும் என்பதால் அந்தப் பெயர்.

ஓடும் மின்விசிறிக்கு நேர் கீழே யாரையும் உட்காரவிடமாட்டார். "கழண்டு விழுந்தா?" என்பார். கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்குவார். பாதியில் திரும்பி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார். ஜன்னலைச் சாத்தினால் விமானம் உள்ளே வராது என்று அவருக்கு யார் சொன்னார்களோ!

மாஸ்டரின் மனைவி ரெஜினா அக்காதான் இன்ஸ்டிட்யூட்டின் நிர்வாகம். அவர்தான் மாஸ்டரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். ரத்த அழுத்தம் ஏகத்துக்கு இருந்தது. "வீட்ல ஒரு மீன் தொட்டி வைங்க. தினமும் பாத்துக்கிட்டிருந்தா மனசு அடங்கும்" என்றார் டாக்டர். அவர் மேஜையிலேயே ஒரு ஜாடியில் தங்கமீன் இருந்தது.

மாஸ்டர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "அந்த டாக்டரோட மீனைப் பாத்தா, வாயத் தொறக்குது, மூடுது, தொறக்குது, மூடுது. அதுக்கு மூச்சு முட்டுதோன்னு நெனச்சேன், எனக்கு முட்டிடுச்சும்மா."

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த வருடம் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு ரெஜினா அக்கா அவரை அழைத்துப் போனார். ஒரு ஸ்டாலில் கடல்மீன் தொட்டி. பாறையில் ஒட்டிக்கொண்டு, பூப்போல விரல் விரலாக விரிந்திருந்த ஒரு பிராணி. அதன் பெயர் கடற்பூ என்றும், அந்த விரல்கள் பட்டால் மற்ற மீன்கள் சுருண்டுவிடும் என்றும் ஸ்டால்காரர் சொன்னார். ஆனால் அதன் நடுவே, உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிற மீன்கள் இரண்டு, மெத்தையில் புரள்வதுபோல் புரண்டுகொண்டிருந்தன. ரெஜினா அக்கா டெல்லி அப்பளம் வாங்கித் தின்று முடித்து, கை கழுவி, திரும்பி வந்து தோளைப் பிடித்து இழுத்தும் மாஸ்டர் நகரவில்லை.

மறுநாள் எங்களிடம், "சுத்தி அத்தனையும் விஷம். நடுவுல படுத்துத் தூங்குது. அது எப்படிம்மா அதால முடியுது?" என்று கேட்டார். வேலை கிடைக்காமல் வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு என்ன பதில் தெரியும்!

அன்றே திட்டம் தொடங்கியது. தொட்டியின் வரைபடத்தை மாஸ்டர் டைப்ரைட்டரிலேயே அடித்தார். பெருக்கல் குறியால் கண்ணாடி, சிறுகோட்டால் தண்ணீர், நட்சத்திரக் குறியால் பாறை. மூன்றடி நீளம். அதை எடுத்துக்கொண்டு கீழே மண்டிக்குப் போனார். கட்டடமும் கன்னியப்பன் அண்ணனுடையதுதான். பரம்பரை விவசாயக் குடும்பம். அவர்கள் நெல் விளைவித்த வயலில் தொழிற்பேட்டை வந்ததும், அரிசி விற்க உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா கனம் இருக்கும் மாஸ்டர்?" என்றார் அண்ணன், படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

"தண்ணி, கண்ணாடி, கல்லு எல்லாம் சேந்து ஒங்க அரிசி மூட்டை மூணு வரும்ணே."

"மூணு மூட்டைதானே? மாடி தாங்கும். ஆனா ஒண்ணு நைனா. அது ஒயுகிச்சின்னு வையி, மேல உன் மீனு செத்துப்பூடும், கீய நான் செத்துப்பூடுவேன். உப்புத் தண்ணி பட்ட அரிசிய எவன் வாங்குவான்? ஒரு சொட்டு எறங்கிச்சி, அன்னிக்கே நீ எடத்த காலி பண்ணிடணும்."

இன்ஸ்டிட்யூட் போனால் மாஸ்டருக்கு வேறு பிழைப்பு இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்தப் படத்தை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பார்கள். மாஸ்டர் முகமெல்லாம் வியர்த்தது. ஆனாலும், "சரிண்ணே" என்றார்.

தடிமனான கண்ணாடியை அறுத்து வாங்கி, மூலைகளைப் பசை போட்டு ஒட்டினார்கள். பட்டறையில் இரும்பு ஸ்டாண்டு அடித்தார்கள். முதலில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, கீழே பழைய பேப்பர் விரித்து, ஒழுகுகிறதா என்று சோதனை. மாஸ்டர் தரையில் முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பேப்பரில் ஈரப்புள்ளி. "போச்சு! போச்சு!" என்று அலறினார். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தோம். அவர் நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வை.

அடுத்தது கடல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாஸ்டர், ரெஜினா அக்கா, ஹையர் பரீட்சைக்கான பேட்சில் நாங்கள் சிலர், புது வெள்ளைக் கேன்களோடு காசிமேட்டுக்குப் போனோம். கரைத் தண்ணீர் அழுக்கு, ஆழத்துத் தண்ணீர்தான் வேண்டும் என்று ஒரு படகுக்காரரிடம் மாஸ்டர் கெஞ்சினார்.

"இன்னா சார் நீ, காலாண்டயே இவ்ளோ தண்ணி கீது. உனுக்கு உள்ளேர்ந்து ஓணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாலும், அவர் படகில் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். வலையில் சிக்கிய பாறைத் துண்டுகளையும், பாசியும் பூச்சியுமாக, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

ரயிலேறி அம்பத்தூரில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் ஒரு போலீஸ்காரர். வெள்ளைக் கேன் என்றாலே சாராயம் என்று நினைக்கிற காலம் அது.

"கேன்ல இன்னாய்யா?"

மாஸ்டர் இரண்டு கையாலும் கேனைப் பிடித்துக்கொண்டார். "கடல் சார்."

"இன்னாது?"

"கடல்."

போலீஸ்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார். உள்ளங்கையில் ஊற்றி ஒரு வாய் உறிஞ்சினார். அடுத்த நொடி தண்டவாளத்தைப் பார்த்துத் துப்பினார். "யோவ், உப்புய்யா!"

"அதான் சார் சொன்னேன்."

"இத்த எதுக்குய்யா தூக்கினு போற?"

"மீனுக்கு சார்."

போலீஸ்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். "மீனு அங்கயேதானேய்யா இருந்துச்சி?"

ரெஜினா அக்காதான், "அத நானும் கேட்டுப் பாத்துட்டேன் சார்" என்றார். போலீஸ்காரர் எங்களைப் போகவிட்டார்.

இப்படிப் பல ஞாயிறுகள் சுமந்த பிறகு தொட்டி நிறைந்தது. ஆனால் மீன் வரவில்லை. தண்ணீர் பக்குவப்படும்வரை வெறும் பாறைதான் இருக்க வேண்டும் என்று, கொளத்தூரில் மீன் விற்கிறவர் சொல்லியிருந்தார். வாரக்கணக்கில் மாஸ்டர் கல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில், "டைப்ரைட்டிங்காரு கல்லு வளக்கறாராமே?" என்று விசாரித்தார்கள்.

உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு லாக்டோமீட்டர் வாங்கினார். பால் சோதிக்கிற அதே குழாய்தான். கடல்நீரில் விட்டால் இருபத்தைந்தில் நிற்க வேண்டுமாம். ஒரு காலை, கையில் லாக்டோமீட்டரோடு மாடிப்படியில் யோசனையாக நின்றிருக்கிறார். சைக்கிளில் வந்த பால்காரர் அதைப் பார்த்ததும், அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்தான். அதற்குப் பிறகு மாஸ்டர் வீட்டுக்குப் பால் ஊற்ற வேறு ஆள் தேட வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு கடற்பூவும் இரண்டு ஆரஞ்சு மீன்களும் வந்து சேர்ந்தன. எங்கள் நிம்மதி போனது. கொசுவத்தி கூடாது. ஊதுவத்தி கூடாது. செப்புப் பாத்திரம் தொட்டிப் பக்கமே வரக்கூடாது, கடற்பூவுக்கு அது விஷமாம். கரண்ட் போனால் டைப்ரைட்டருக்கு ஒன்றுமில்லை. தொட்டியின் காற்று மோட்டார் நின்றுவிடும். உடனே நாங்கள் முறைபோட்டு, தம்ளரில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, சத்தம் போட்டு டைப் அடிக்கக்கூடாது. "மெதுவா... மெதுவா... பயந்துக்கும்" என்று பின்னால் நின்று கெஞ்சுவார். எழுத்து தன்மேல் பட்டதா இல்லையா என்று பேப்பருக்கே சந்தேகம் வரும்.

மாஸ்டருக்கு அழுத்தம் இறங்கவில்லை. "மீன் தொட்டி வைக்கச் சொன்னேனே?" என்றாராம் டாக்டர். "வச்சிட்டோம், அதான் ஏறியிருக்கு" என்றாராம் ரெஜினா அக்கா.

பிறகு ஐப்பசி மழை வந்தது. விடாமல் கொட்டிய ஒரு காலை. மேலே நாங்கள் வேகப் பயிற்சியில் இருந்தோம். கீழே கன்னியப்பன் அண்ணன் யாருக்கோ பொன்னி அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு சொட்டு விழுந்திருக்கிறது. மழைதான் என்று துடைத்துக்கொண்டார். அடுத்த சொட்டு மீசையில் விழுந்தது. நாக்கால் துழாவியிருக்கிறார்.

கீழேயிருந்து வந்த கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மாஸ்டரே! மயை இல்ல நைனா! உப்பு! உப்பு கரிக்குது!"

எல்லா மெஷின்களும் ஒரே சமயத்தில் நின்றன. தொட்டியின் பின்மூலையில், பசை விட்டுப்போன இடத்தில், நூல்போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கும்போதே அந்த நூல் விரல் தடிமன் ஆனது. கண்ணாடி எந்த நொடியிலும் பிளந்துகொள்ளலாம். எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம். ரெஜினா அக்கா, அவர் மயங்கி விழுவார் என்று பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மாஸ்டர் உட்காரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். டிக்டேஷன் கொடுக்கிற குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசினார்.

"யாரும் ஓட வேணாம். ரெஜினா, கையத் தொடச்சிட்டு மோட்டார் சுவிட்சை அணை. லோயர் பேட்ச், மெஷின் கவரெல்லாம் எடுத்து தரையில அணை கட்டுங்க. ஹையர் பேட்ச், கேன்ல தண்ணிய எறக்குங்க. அந்த வாளி வேணாம்மா, அது சோப்பு வாளி."

ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீரைக் கேன்களில் இறக்கினோம். உப்பு குமட்டியது. கேன்கள் நிறைந்துவிட்டன. ஆனால் பாறையும் மீனும் குறுகிய வாய் வழியாகப் போகாது. அகலமான பாத்திரம் எதுவும் இல்லை. தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க, கடற்பூ சுருங்கியது. மீன்கள் இரண்டும் அதற்குள் ஒடுங்கின.

அப்போது கன்னியப்பன் அண்ணன் மாடியேறி வந்து வாசலில் நின்றார். சட்டையெல்லாம் நனைந்து, மூச்சிரைத்தது. "அன்னிக்கே சொன்னனா இல்லியா?" என்று ஆரம்பித்தவர், தொட்டியைப் பார்த்து நிறுத்தினார்.

"அதுங்க இன்னா ஆவும்?"

"பெரிய பிளாஸ்டிக் டிரம் இருந்தா பொழைக்கும்ணே. இல்லேன்னா இல்ல."

அண்ணன் இறங்கி ஓடினார். கீழே அரிசி சரிகிற ஓசை கேட்டது, மழையையும் மீறி. கல்யாண ஆர்டருக்காக அவர் நீல டிரம்மில் பொத்திப் பொத்தி வைத்திருந்த சீரகச் சம்பா அது. தார்ப்பாயில் கொட்டிவிட்டு, அரிசி வாங்க வந்தவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, அந்த டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாஸ்டர் முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, கடற்பூ ஒட்டியிருந்த பாறையை அடியோடு தூக்கினார். அதன் விரல்கள் பட்ட இடமெல்லாம் அவர் தோல் சிவந்து தடித்தது. ரிப்பன் மாற்றும்போதுகூட நடுங்குகிற கை அது. அன்று நடுங்கவில்லை. மீன்கள் கடற்பூவை விட்டுப் பிரியாமல், பாறையோடு சேர்ந்தே டிரம்முக்குள் இறங்கின. நாங்கள் கேன் தண்ணீரை மெல்ல ஊற்றினோம். கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரு மீன் தலையை நீட்டிப் பார்த்தது.

அப்புறம்தான் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து நடுங்கினார் பாருங்கள், நாற்காலிக் கால்கள் தரையில் தாளம் போட்டன.

"இப்ப இந்த ஆட்டம் ஆடறியே, அப்ப எங்க நைனா போச்சி?" என்றார் அண்ணன்.

"அப்ப நேரமில்லண்ணே."

கீழே சில மூட்டைகள் நனைந்திருந்தன. காலி பண்ணச் சொல்வார் என்று ரெஜினா அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணன் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தபடி சொன்னார்: "தொட்டிய ஒட்டிக் கீய எறக்கிடு. என் கண்ணு முன்னால இருக்கட்டும். மாடில வச்சா எனுக்குத் தூக்கம் வராது."

அப்படித்தான் கடல் அரிசி மண்டிக்குக் குடிவந்தது. சில மாதங்களில் லாக்டோமீட்டர் அண்ணன் கைக்குப் போய்விட்டது. "மாஸ்டர், இருபத்தாறு காட்டுது. தண்ணி சுண்டிகினு கீது, பாத்துக்க" என்று மாடிக்குக் குரல் கொடுப்பார். வாடிக்கையாளர்கள் அரிசியை மறந்து மீனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மாஸ்டர் மட்டும் ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் இறங்கி வந்து, நான்கு மூலையையும் விரலால் தடவிவிட்டுப் போவார்.

எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று மாஸ்டரும் ரெஜினா அக்காவும் சென்ட்ரலுக்கு வந்தார்கள். "யாராச்சும் பிஸ்கட் குடுத்தா வாங்காதே. பாலத்து மேல போறப்ப எட்டிப் பாக்காதே. போனதும் மண்டிக்குப் போன் பண்ணு" என்று ரயிலோடு நடந்துகொண்டே சொன்னார். ரெஜினா அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுக்கும்வரை நடந்தார்.

மறுநாள் காலை போய்ச் சேர்ந்து, பெட்டியை வைத்துவிட்டு, சாப்பிட்டு, சாவகாசமாகத்தான் போன் பண்ணினேன். கன்னியப்பன் அண்ணன் எடுத்தார்.

"எம்மா, போய்ச் சேந்துட்டியா? மொதல்ல அத்தச் சொல்லு. இங்க ஒர்த்தரு காலைலேர்ந்து போனாண்டயே நின்னுகினு, என்னை ஏவாரம் பண்ண வுடமாட்றாரு."

மாஸ்டர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் நான் வெளியூர் போனால், போய்ச் சேர்ந்தாயா என்று விசாரிக்க வீட்டில் ஆள் இருக்கிறார்கள். போய்ச் சேரும்வரை எனக்காக நின்றுகொண்டே இருந்தவர் அவர் ஒருவர்தான்.