மூன்றடித் துகள்

சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, தண்ணீரில் கலக்கிப் பாலாக்கி, அந்தப் பாலில் கரியமில வாயுவைக் குமிழ்விட்டால் அடியில் வெள்ளைத் தூள் படியும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. பாலின் சூட்டையும் வாயுவின் வேகத்தையும் கூட்டிக் குறைத்தால் அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஊசியாகவோ கனசதுரமாகவோ உருண்டையாகவோ அமையும். கண்ணுக்குத் தெரியாத இந்த விஷயத்துக்காகத் தலைமுடியில் பாதியை இழந்தவர் ஆலை மேலாளர். மீதிப் பாதி போன கதை இது.

அவருடைய தூள் அதே ஆலையின் பற்பசைக்குள் போயிற்று. ஊசித் துகள் அவருக்குச் செல்லப்பிள்ளை. ஒரே நீளம், ஒரே பருமன், ஒன்றோடொன்று ஒட்டாமல் படிந்த நாளில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். “சரி, கையைக் கழுவிட்டு வாங்க” என்றாள்.

விற்பனையைக் கவனித்தவன் அவள் தம்பி.

“பல் வெளுக்கும்னு சொன்னா எவன் மாமா வாங்குறான்? எல்லாரும் அதைத்தான் சொல்றான். துகளுக்கு ஒரு முகம் வேணும்.”

மச்சான் நுண்ணோக்கிப் படமொன்றை எடுத்துப்போய், ஒற்றை ஊசித் துகளை மூன்றடி நீளத்துக்குப் பெரிதாக்கி, ஆலை வாசலில் மாட்டினான். கீழே, ‘உங்கள் பல்லிடுக்கை அறிந்த ஒரே ஊசி’ என்று எழுதினான். ஊருக்குப் பித்துப் பிடித்தது. விருந்துக்குப் போனால் நலம் விசாரிக்குமுன், “நீங்க எந்த வடிவத்துல தேய்க்கிறீங்க?” என்று கேட்டார்கள். தூள் என்று மட்டும் சொன்னவர்களுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி கிடைத்தது.

புகழ் வந்தால் பின்னாலேயே ஆய்வாளர் வருவார். இவர் உருவ ஒழுங்கு அலுவலகத்திலிருந்து வந்தார். செங்கற்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்க்க ஏற்பட்ட அலுவலகம் அது. செங்கற்கள் திருந்திவிட்டபடியால் அதற்குக் கொஞ்சம் ஓய்வு இருந்தது.

மேலாளர் ஒரு கிண்ணம் தூளை நீட்டினார். ஆய்வாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தூளைப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. உருவத்தைத்தான் பார்ப்போம்.”

பையிலிருந்து டேப்பை எடுத்து வாசலில் மாட்டியிருந்த படத்தை அளந்தார்.

“மூணடி. முனை கூர்மை. இதையா பொதுமக்கள் வாயில போடுறீங்க?”

“சார், அது பல்லாயிரம் மடங்கு பெரிசாக்கின படம். நிஜத்துல கண்ணுக்கே தெரியாது.”

“பெரிசாக்கினது யாரு?”

“நாங்கதான்.”

“அப்ப ஒத்துக்கிறீங்க.”

“ஐயோ, தொட்டுப் பாருங்க சார், மாவு மாதிரி இருக்கும்!”

“கூர்மையான பொருளைத் தொடக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு.”

“சரி, படத்தைக் கழட்டிடறோம்.”

“சாட்சியத்தைக் கழட்டினா ஆலைக்கே பூட்டு. வேற உருவம் செய்யுங்க, வேற படம் மாட்டுங்க, வந்து பார்க்கிறேன்.”

ஆலையை நம்பி நாற்பது குடும்பங்கள் இருந்தன. மேலாளர் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு பாலைக் குளிரவைத்துக் கனசதுரம் படியவைத்தார். மச்சான் பெரிதாக்கி மாட்டினான். ஆய்வாளர் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“பக்கத்துக்கு ரெண்டடி. இது கட்டுமானக் கல். வாய்க்குள்ள கட்டடம் கட்ட வரைபட அனுமதி வாங்கினீங்களா?”

அடுத்தது உருண்டை. மூன்றிலும் பிடிவாதக்காரப் பிள்ளை அதுதான். உடனே வடித்து உலர்த்தினால் உருண்டையாக இருக்கும். தண்ணீரிலேயே விட்டால் தானாகக் கனசதுரமாக மாறிவிடும். இதை மேலாளர் எடுத்துச் சொன்னார். ஆய்வாளருக்கோ அது சரிவில் உருண்டு யார்மேலாவது மோதுமோ என்ற கவலை. விசாரணை முடியும்வரை தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துச் சீல் வைத்தார். அடுத்த வாரம் சீலை உடைத்துப் புதுப் படம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் கனசதுரம்.

“காவல்ல இருந்த உருண்டை எங்கே?”

“இதுதான் சார் அது.”

“ஆள்மாறாட்டம்!”

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மிச்சமிருந்த முடி கையோடு வந்தது.

“மச்சான், பெரிசாக்கினதாலதானே இவ்வளவும்? பெரிசாக்காமலே ஒரு துகளைப் படம் எடு.”

அப்படியே எடுத்தான். வெள்ளைத்தாள் ஒன்று வாசலில் தொங்கியது.

ஆய்வாளர் டேப்பை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். முகம் மலர்ந்தது.

“நீளம் இல்லை, அகலம் இல்லை, முனை இல்லை. இதுவல்லவோ ஒழுங்கு! ஆனா ஒண்ணு. படத்துல இல்லாதது எதுவும் பசையில தட்டுப்படக்கூடாது. தட்டுப்பட்டா பூட்டுதான்.”

ஆலை தப்பியது. சுண்ணாம்புப் பால் மட்டும் தொட்டிக்குள் வரக்கூடாதென்றாயிற்று. நாற்பது பேரும் வழக்கம்போல வந்து சுத்தமான தண்ணீரைக் கலக்கினார்கள், வாயுவைக் குமிழ்விட்டார்கள். மேலாளர் தண்ணீரின் சூட்டைத் தவறாமல் பார்த்தார். பழக்கதோஷம். துகள்களுக்கிடையே அளவு வேறுபாடு அறவே இல்லாத ஒரே ஆலை என்று உருவ ஒழுங்கு அலுவலகம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. துகளே இல்லாத பசைக்கு மச்சான் ‘வெறுமை’ என்று பெயர் வைத்தான். ஊசியைவிட இரண்டு மடங்கு விற்றது.

“முன்னெல்லாம் பல்லுல ஏதோ நெருடும்” என்று பாராட்டினார்கள் மக்கள். “இப்ப தேய்ச்ச மாதிரியே இல்லை!”

சில மாதங்களில் ஊரில் கன்னங்கள் வீங்கத் தொடங்கின. ஆய்வாளரும் வீங்கிய கன்னத்தோடு, பல் டாக்டர் பெரிதாக்கிக் கொடுத்த படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆலைக்கு வந்தார். மேசைமேல் விரித்தார். கடைவாய்ப்பல், நடுவே கரும்பள்ளம்.

“உங்க பசையாலதான் இப்படின்னு டாக்டர் சொல்றாரு.”

மேலாளருக்கு இத்தனை நாள் வயிற்றெரிச்சலும் ஒரே நொடியில் இனித்தது. இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினார்.

“அளந்து பாருங்க சார்.”

ஆய்வாளர் அளந்தார். முகம் வெளிறியது. “ஒண்ணரை அடி. சுத்தி வேலி இல்லை. எச்சரிக்கைப் பலகையும் இல்லை.”

“பெரிசாக்கினது டாக்டர்தானே சார்? நீங்க இல்லையே?”

“நான்தான் கேட்டு வாங்கினேன்” என்றார் அவர். நேர்மையான அதிகாரி, அதில் குறை சொல்ல முடியாது. “பொதுமக்கள் விழுந்துடுவாங்க.” பையிலிருந்து அரக்கை எடுத்து உருக்கினார். உதட்டின்மேல் நாடாவை ஒட்டி, அரக்கை வைத்து, அலுவலக முத்திரையைத் தாமே அழுத்திக்கொண்டார்.

மேலாளர் சிரித்தார். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரி சார், ஆனது ஆச்சு. நாளைக்கே ஊசியை ஆரம்பிச்சுடறேன். தடையை நீக்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஆய்வாளர் அரக்கைச் சுட்டிக் காட்டினார்.

தலைமை அலுவலகம் வரை ஓடிப் பார்த்தார்கள். தடை விதித்த அதிகாரி தன் வாயால் படித்தால்தான் நீக்கம் செல்லும் என்றது அது. அவர் வாயிலுள்ள சீலை உடைக்கலாமா? தாராளமாக. அதற்கும் அவரே வாயால் உத்தரவிட வேண்டும். மற்றபடி, அவர் பேச்சை நிறுத்தியதிலிருந்து கோப்புகள் வேகமாக நகர்வதாகவும், மற்ற ஆய்வாளர்களுக்கும் இதை விரிவுபடுத்த எண்ணமிருப்பதாகவும் சொன்னார்கள்.

மச்சான் சோர்ந்துவிடவில்லை. வீங்கிய கன்னத்தைத் தாங்கிக் கட்டுவதற்கென்று பட்டுத் துணியில் ஒரு தாடைக்கட்டை விற்பனைக்கு விட்டான். அதன்மேல் பழைய ஊசித் துகளின் படம் அச்சாகியிருந்தது. இப்போது அது இல்லாமல் யாரும் விருந்துக்குப் போவதில்லை. வீங்காதவர்களும் உள்ளே பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டார்கள்.

மேலாளருக்கும் கடைவாய்ப்பல் விண்விண்ணென்று தெறித்தது. மனைவி அவர் தாடையைச் சுற்றித் துணியைக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். பிடித்து நிறுத்த முடியில்லாததால் முடிச்சு வழுக்கியது. அவர் கண்ணாடியில் பார்த்தார். கன்னமெங்கும் ஊசிகள். ஒரே நீளம், ஒரே பருமன், ஒன்றோடொன்று ஒட்டாமல்.

“நல்லா வந்திருக்குல்ல?” என்று கேட்க நினைத்தார். வாயைத் திறக்க முடியவில்லை.