ஒன்றே முக்கால் மணி நேரம்

“முப்பத்தாறு ரூபா இடிக்குது சார்” என்று ஆரோக்கியசெல்வி ஓவர்டைம் சீட்டை மேசைமேல் வைத்தாள்.

தென்னரசு சீட்டை எடுத்துப் பார்த்தான். திண்டிவனத்தை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியின் டைம் ஆபீசில் அவன் சேர்ந்து மூன்று மாதம். அவன் வந்த பிறகு ஓவர்டைம் என்பது இந்த வாரம்தான் முதல் தடவை. சனிக்கிழமை விழுப்புரத்திலிருந்து மேனேஜர் விருத்தாசலம் வந்து சீட்டுகளைப் பார்த்தால்தான் வேலை நிரந்தரம். தப்பு இருந்தால் சொந்த ஊர் கெடாருக்கே திரும்பிப் போய் வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்க வேண்டியதுதான்.

“உக்காருங்க, சொல்றேன்” என்றான். விளக்கிச் சொல்வதென்றால் அவனுக்கு விருந்து சாப்பிடுவது மாதிரி. “அஞ்சரைக்கு மேல ஓவர்டைம். மணிக்கு நூத்தி இருவது. நேத்து ஏழேகால் வரைக்கும் தைச்சீங்க. அதான் கம்ப்யூட்டர்ல 1.45னு போட்டேன். நூத்தி எழுபத்தி நாலுன்னு சொல்லுது.”

“ஒன்னே முக்கால் மணிக்கு எரநூத்திப் பத்து வரணுமே சார்.”

அவன் யோசித்தான். முப்பத்தாறு ரூபாய் என்றால் பதினெட்டு நிமிடம். முகம் மலர்ந்தது. “டீ! ஆறு மணி டீக்குப் போனீங்கல்ல? அதைக் கழிச்சிருக்கு.”

“டீக்கும் சம்பளம் உண்டுன்னாங்களே.”

“உண்டுங்க. நீங்க திரும்பி வந்தது வாசல்ல இருக்கற கைநாட்டு மெஷினுக்குத் தெரியணும், அவ்ளோதான்.”

அன்று மாலை டீக்குப் போகும்போதும் வரும்போதும் கைநாட்டு வைக்கச் சொன்னான். நாற்பது பெண்கள், ஒரே மெஷின். விரலெல்லாம் ஷூ ஒட்டும் பசை. மெஷின் யாரையும் அடையாளம் காணவில்லை. இருபது நிமிடம் அதிலேயே போய், வேலை முடிய ஏழு முப்பத்தைந்து ஆனது. அவன் 2.05 என்று போட்டான்.

மறுநாள் செல்வி வந்தாள். “நாலு ரூபாதான் இடிக்குது சார்.”

“பாத்தீங்களா, வழிக்கு வருது!”

அந்த நாலையும் ஒழித்துவிட, விரல் துடைக்க வாசலில் ஒரு துணி கட்டினான். கைநாட்டு ஜல்தியாக முடிந்தது. ஏழு இருபத்தைந்துக்கே வேலையும் முடிந்தது. 1.55 என்று போட்டான். வியாழக்கிழமை காலை நாற்பது பேரும் வாசலில் நின்றார்கள். தலைக்கு நாற்பத்தி நாலு ரூபாய் குறைந்திருந்தது.

“பேஜாரா போச்சு” என்று தலையைப் பிடித்துக்கொண்டவன், கடைசியாக டீயையே நிறுத்தினான். டீ கொண்டுவரும் குப்பம்மாள் நிறைந்த கேனோடு திரும்பிப் போகும்போது அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனாள். ஏழேகாலுக்கு வேலை முடிந்தது. 1.45.

வெள்ளிக்கிழமை செல்வி சீட்டை நீட்டினாள். “ஒரு வாய் டீ குடிக்கல சார். மறுபடி முப்பத்தாறு.”

அவன் சீட்டையும் கம்ப்யூட்டர் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார். மணிக்கு நூறு ரூபான்னு வச்சுக்குவோம். அரை மணிக்கு எவ்ளோ?”

“அம்பது.”

“முக்கால் மணிக்கு?”

“எழுபத்தி அஞ்...” அவன் கண் திரையில் இருந்த .45 மேல் நின்றது. மெல்ல எழுந்தான். “மணிக்கு அறுபது நிமிஷம். ஆனா கம்ப்யூட்டருக்கு ஒன்னுன்னா நூறு பங்கு. நாப்பத்தஞ்சை அறுபதால வகுக்கணும். 1.45 இல்லைங்க, 1.75!”

“அப்படியா சார்” என்று கண்ணை அகல விரித்தாள் செல்வி. “நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க.”

புதுச் சீட்டு எழுத வேண்டும். கையிலிருந்த சீட்டுப் புத்தகம் தீர்ந்திருந்தது. அடுத்ததோ, மூன்று மாதமாக அவனுக்குத் திறக்காத கீழ் இழுப்பறையில். செல்வி முழங்காலால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டி, லேசாகத் தூக்கி இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

“கைராசிங்க உங்களுக்கு” என்றான் தென்னரசு.

சனிக்கிழமை விருத்தாசலம் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து, தலையாட்டி, அவனுடைய வேலை நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தென்னரசு சமாதானம் பேசக் குப்பம்மாளிடம் போய் டீ கேட்டான்.

“நல்ல பொண்ணுக்கா அந்தச் செல்வி. பாவம், கணக்குதான் வராது. சொல்லிக் குடுக்க எனக்கு நாலு நாள் ஆச்சு.”

குப்பம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உனக்கு முன்ன அந்த நாற்காலில ரெண்டு வருசம் குந்திக்கினு இருந்ததே அதுதான் தம்பி. டைம் ஆபீசுக்கு ஓவர்டைம் கிடையாதுன்னுட்டுதான் தையல் மெஷினுக்கு மாறிக்கினு போச்சு.”