பஞ்சாயத்து மைக்கில் போன என் குடும்ப விஷயம்

'எனக்குத் தெரியாது' என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைச் செலவழிக்க மனசு வராத ஆண்பிள்ளைகளால்தான் உலகத்தில் பாதி மிக்ஸிகள் பழுதாகிக் கிடக்கின்றன. நானும் அந்த வம்சத்தில் வந்தவன்தான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் பிராட்பேண்ட் இணைப்பு தருகிற ஒரு கம்பெனியில் கஸ்டமர் கேர். நெட் வரவில்லை என்று யாராவது போனில் கத்தினால், "சார், மோடத்துல சிவப்பு லைட் எரியுதா? அப்ப லைன் இல்ல சார். ஒருவாட்டி ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும். என் தொழில்நுட்ப ஞானம் மொத்தமும் அவ்வளவுதான். (சம்பளமும் அதற்கு ஏற்றபடிதான்.)

என் மனைவி கலைச்செல்விக்கு உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். அவளுடைய அப்பா முனுசாமி அங்கே வார்டு மெம்பர். ஏரித் தண்ணீரில் நெல் போடுகிறவர். நான் வேறொரு ஊரின் காலனியில் பிறந்தவன். ஆகவே எங்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில், நண்பர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட நடந்தது. மாமனார் வரவில்லை. தலை தீபாவளிக்கும் கூப்பிடவில்லை. அடுத்த தீபாவளிக்கு மாமியார் அழுது அடம்பிடித்து எங்களை வரவழைத்தார். மாமனார் என்னை விரட்டவில்லை, என்னோடு பேசவும் இல்லை. கேட்க வேண்டியதையெல்லாம் என் பக்கத்தில் நின்றுகொண்டே மகளிடம் கேட்டார்.

"கலை, அந்த ஆளு நாஷ்டா துன்னாரா?"

'துன்னாரா'வில் மரியாதை குறையவில்லை. ஆனாலும் நான் 'அந்த ஆளு'தான். (நியாயமாகப் பார்த்தால், இவரை மாமனாராக ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும். அவ்வளவு புத்தி எனக்கு ஏது? அவர் வாயால் ஒரு தடவை 'மாப்ள' என்று கூப்பிட மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டு கிடந்தேன்.)

தீபாவளிக்கு முதல் நாள் விடாத மழை. கலைக்கு ஏனாத்தூரில் ஒரு கல்லூரி லேபில் வேலை. லீவு கிடைக்காமல் காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் பஞ்சாயத்துத் தலைவர் குடையும் கவலையுமாக வந்து நின்றார்.

"மெம்பரே, ஏரி ரொம்பற மாரி கீது. ஊர உஷார்படுத்தலாம்னா, புது மைக்செட்டு வந்தும் பிரயோசனம் இல்ல. ஹாரன கம்பத்துல மாட்டிட்டு, பொட்டிய மேஜ மேல வெச்சிட்டு, மாட்ட வந்தவனுங்க எல்லாம் தீவாளிக்கு ஊருக்குப் பூட்டானுங்க. பேஜாரா கீது."

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி சொன்னார்: "நம்ப வூட்ல ஒருத்தரு கீறாரு. நெட்ஒர்க் கம்பெனில தான் வேல."

நம்ப வூட்ல ஒருத்தரு! எனக்குப் புல்லரித்துவிட்டது. 'அந்த ஆளு'விலிருந்து ஒரே காலையில் இவ்வளவு பெரிய பதவி உயர்வு. இதைச் சரிசெய்துவிட்டால் அடுத்த படி 'மாப்ள'தான் என்று கணக்குப் போட்டேன். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்க வேண்டிய அந்த நொடியில், "அது சின்ன வேல சார்" என்று சொல்லிவிட்டேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் ஊருக்கு வெளியே, தகரக் கூரைக் கட்டடம். மாமனார் வரப்பை வெட்டிவிட வயலுக்குப் போய்விட்டார். கிளார்க் தேவகி அக்கா கதவைத் திறந்து பெட்டியைக் காட்டினார். அதன் பெயர் நெட்வொர்க் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று மேலேயே எழுதியிருந்தது. விஷயம் கஷ்டமில்லை. மைக்கில் பேசுகிற குரலை அந்தப் பெட்டி வாங்கி, நெட்வொர்க் வழியாக அனுப்பும். மேல்தெரு, காலனி, ஏரிக்கரை, ஆபீஸ் வாசல் கம்பம் என்று ஒவ்வோர் இடத்திலும் இருக்கிற ஹாரன் அதை வாங்கிக் கத்தும். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஒவ்வொரு ஹாரனுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களைப் பெட்டிக்குள் பதிய வேண்டும்.

பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஆபீஸ் லேப்டாப்பில் எல்லாவற்றையும் பதிந்து, மைக் பொத்தானை அழுத்தினேன். ஆபீஸ் ஹாரன் 'கீ' என்று ஒரு அலறல் அலறியது. காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் அந்த ஹாரனின் ஒயரை மட்டும் பிடுங்கிப் போட்டேன். அலறல் நின்றது. திரும்பி வந்து பார்த்தால், மைக்கின் அடியில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது.

சிவப்பு!

"அக்கா, லைன் போயிடுச்சி" என்றேன்.

"அப்டியா சார்? நீங்க பாருங்க, நா டீ வாங்கியாறேன்" என்று தேவகி அக்கா குடையோடு கிளம்பினார். போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

"ஹலோ, ஹலோ" என்றேன். தகரத்தில் கொட்டுகிற மழையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டு மைக்கை அழுத்தினேன். மறுபடியும் சிவப்பு. மறுபடியும் ஆஃப், மறுபடியும் ஆன். "டேய் பொட்டி, உன் கால்ல வேணா வுழறேன்டா" என்றுகூடக் கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் மைக் முன்னாலேயே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்து, கலைக்குப் போன் போட்டேன்.

"புஜ்ஜு, நா வசமா மாட்டிக்கினேன்."

(வீட்டில் நாங்கள் இரண்டே பேர் இருக்கும்போது மட்டும் புழங்குகிற பெயர் அது.)

"இன்னா ஆச்சி?" என்றாள் கலை.

"இந்தப் பொட்டியப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது புஜ்ஜு. உங்கப்பா எதிர்ல பெரிய இவனாட்டம் ஒத்துக்கினு வந்துட்டேன். நேத்து உங்கம்மா வெச்ச கருவாட்டுக் கொழம்புல அவ்ளோ உப்பு. அதயே அவரு பாக்கறாருன்னு சூப்பர் சூப்பர்னு கேட்டுக் கேட்டு வாங்கித் துன்னேன். எல்லாம் வேஸ்டாப் போச்சி."

"தெரியலன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போ. எங்கப்பா உன்ன முழுங்கிடவா போறாரு?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் மனசு உடைந்துவிட்டது.

"அதில்ல புஜ்ஜு. நம்ப கல்யாணத்துக்குப் பெரியவங்க ஒருத்தர்கூட வந்து அட்சத போடல. உங்கப்பா ஒரே ஒருவாட்டி மாப்ளன்னு கூப்ட்டா, அதுவே எனக்கு அட்சத போட்ட மாரி. இத சரிபண்ணிட்டா கூப்பிடுவாருன்னு நெனச்சேன். இனிமே நா அந்த ஆளுதான்." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினேன். (ஏரிக்கரை ஹாரனில் அது இடி இடித்த மாதிரி கேட்டதாம்.)

கதவு திறந்தது. மாமனார். மழைக்குத் தலையில் யூரியா சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு நின்றார். அவருக்குப் பின்னால் மழையில் ஒரே குடைக்கூட்டம். தலைவர், மேல்தெருக்காரர்கள், காலனிக்காரர்கள், ஆறிப்போன டீயோடு தேவகி அக்கா. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்த பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததாலா அழுததாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமனார் மைக்கைப் பார்த்தார். போனும் கையுமாக இருந்த என்னைப் பார்த்தார். மேஜைக்குப் பக்கத்தில் வந்து, முதல் தடவையாக என் முகத்துக்கு நேராகப் பேசினார்.

"மாப்ள."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மைக்க நிறுத்துங்க மாப்ள. ஊரே கேட்டுகினு கீது."

மோடத்தில் சிவப்பு என்றால் லைன் இல்லை. மைக்கில் சிவப்பு என்றால் குரல் போய்க்கொண்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை இது. பெட்டி ஆரம்பத்திலிருந்தே அருமையாக வேலை செய்திருக்கிறது. நான் ஒயரைப் பிடுங்கிய ஆபீஸ் ஹாரனைத் தவிர மற்ற எல்லாம் என் மானத்தை ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. அவர் என்னைக் கூப்பிட்டதையும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தன. மேல்தெரு கேட்டது, காலனி கேட்டது.

அன்று மத்தியானம் மாமியார் உப்பே போடாமல் குழம்பு வைத்து, உப்பு ஜாடியை என் இலைக்குப் பக்கத்தில் தனியாக வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய கலையை, டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் 'புஜ்ஜு' என்றுதான் வரவேற்றார்கள். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இப்போதும் எந்த விசேஷத்திலும் மாமனாரைச் சுற்றிக் கூட்டம் கூடும். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே முழுக்கதையையும் சொல்லுவார். 'புஜ்ஜு'வை என் குரலிலேயே சொல்லி, மூக்கைக்கூடச் சிந்திக் காட்டுவார். ஆனால் தன்னுடைய கட்டம் வந்ததும், "அப்பால நா போயி மைக்க நிறுத்தச் சொன்னேன்" என்று சுருக்கமாக முடித்துவிடுவார்.

மாமியார் விடமாட்டார். "இன்னான்னு கூப்ட்டு நிறுத்தச் சொன்ன? அத்த சொல்லு."

"அதத்தான் அன்னிக்கே ஊருக்கும் காலனிக்கும் சேத்து மைக்ல சொல்லிட்டனே" என்பார் மாமனார். "இன்னும் எத்தினி வாட்டி சொல்றது?"