அப்பாவைச் சாகடித்த லூட் இசை

இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. அன்றைய டேட்டா வீணாகிவிடக் கூடாதே என்று ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் கிடைத்ததையெல்லாம் டவுன்லோடு செய்தேன். அத்தனையும் லூட் இசை. பலாப்பழத்தைப் பாதியாக வெட்டி நரம்பு கட்டிய மாதிரி ஒரு கருவி. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பிய அரண்மனைகளில் வாசித்தது. யாரோ ஒரு புண்ணியவான் தானே வாசித்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தார். கேட்டுக் கிறங்கிப்போனேன். (பாடாலூரில் லூட் கேட்கும் ஒரே ஆள் என்ற கர்வம் வேறு.)

அந்தச் சமயம் ஜெயங்கொண்டத்திலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. வந்தவர்கள் கை நனைத்துவிட்டால், அதாவது சாப்பிட்டுவிட்டால், சம்பந்தம் முடிந்த மாதிரி. பெண் கலைச்செல்வியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் ரசனை தெரியட்டுமே என்று வாசலில் சாமியானா, நாற்காலி, மைக் செட் எல்லாம் போட்டு, என் பென் டிரைவை நீட்டினேன்.

மைக் செட் செல்வம் தயங்கினான். "அண்ணே, ஒரு சினிமாப் பாட்டு போட்டுக்கவா?"

"சொன்னதப் போடுடா."

பெரிய தலைவர் யாராவது இறந்தால் ரேடியோவில் பாட்டை நிறுத்திவிட்டு, நரம்புக் கருவியை மட்டும் மெதுவாக அழவிடுவார்களே, ஊருக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது. வாசலில் சாமியானா வேறு. கீழத்தெரு பெரியப்பா ரோஜா மாலையோடு ஓடி வந்தார். பின்னாலேயே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

"தம்பி போயிட்டானாடா? நேத்துகூட நல்லா பேசிட்டிருந்தானே!"

புது வேட்டியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா பதறி எழுந்தார். "யாருண்ணே போயிட்டா?"

பெரியப்பா கையிலிருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவின் கழுத்திலேயே போட்டுவிட்டார். அதற்குள் பெண் வீட்டார் வேன் வந்துவிட்டது. ஒப்பாரிச் சத்தம் கேட்டதும், "சாவு வூடு மாதிரி இருக்கு, வண்டியத் திருப்புப்பா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். வேன் வந்த வழியே போய்விட்டது.

என் கல்யாணமும் அதிலேயே போகிறது. அப்பாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு விரட்டினேன். ஹைவே டீக்கடையில் பிடித்தோம்.

"நான்தாங்க பையனோட அப்பா. எனக்கு ஒண்ணும் ஆவலீங்க," என்று கும்பிட்டார் அப்பா. மாலை கழுத்திலேயே இருந்தது.

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. "சகுனமே சரியில்லீங்களே" என்று இழுத்தவர், மகளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். ஸ்பீக்கரில் கலைச்செல்வியின் குரல் கேட்டது: "அது என்ன பாட்டுன்னு அவரை எனக்கு அனுப்பச் சொல்லுங்கப்பா."

உடனே அனுப்பினேன். இரண்டு டீ ஆறும் நேரம் காத்திருந்தோம். திரும்பக் கூப்பிட்டாள்.

"சாவுப் பாட்டு மாதிரி தெரியலப்பா. நல்லாத்தான் இருக்கு. நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

கை நனைத்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றைக்கும் நான் லூட் போட்டால், கலைச்செல்வி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "மாமா, இருக்கீங்களா?"

வாசலிலிருந்து அப்பா சொல்வார்: "இருக்கேம்மா. பாட்டு ஓடட்டும்!"