திட்டாத மூன்று வாரம்

இனிமேல் புருஷனைத் திட்டுவதில்லை என்று ஜெயபாய் முடிவெடுத்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அந்த வீட்டில் இப்படியொரு விபரீதம் நடந்ததில்லை.

காரணம், அடுத்த வீட்டு பிந்துவின் செல்போன்.

ஊர் சர்ச் சபையின் ஆண்டு விழாவில் வருஷா வருஷம் ‘சிரிப்பு மேடை’ உண்டு. பூதப்பாண்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜான்ரோஸ்தான் இருபது வருஷமாக அதில் ராஜா. அவர் ஒரு வரி சொன்னால் பந்தலே குலுங்கும். பெண்டாட்டி ஜெயபாய் மட்டும் அதைப் பார்த்ததே இல்லை. அந்த நேரம் அவள் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மறுநாள் அசன விருந்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். சிரிப்புச் சத்தம் மட்டும் சுவர் தாண்டி வரும்.

அன்றுதான் பிந்து போன வருஷ வீடியோவைக் காட்டினாள். மேடையில் ஜான்ரோஸ் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “சந்தையில சாளை வாங்குனேன். சட்டியில போடும்போதுதான் தெரியுது, அது செத்து முப்பதாம் நாள் ஜெபமே முடிஞ்சிருக்கு!”

கூட்டம் உருண்டது. ஜெயபாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வாங்கி வந்த மீனைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தை அது.

“போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னாரு. திறக்கச் சொல்லலன்னு ஒருத்தன் ஒரு மணிக்கூர் கீழ்ப்படிஞ்சான்!”

அதுவும் அவளுடையது. கோயிலில் தூங்கிய ஆளும் இவரேதான்.

இதெல்லாம் எப்படி வருகிறது என்று யாரோ கேட்க, ஜான்ரோஸ் பணிவாக வானத்தைக் காட்டினார். “கர்த்தர் குடுத்த வரம்.”

“அக்கா, இந்த வருஷம் அண்ணனுக்கு ‘சிரிப்புச் செம்மல்’ பட்டமும் பொன்னாடையும் உண்டாம்” என்றாள் பிந்து.

“ஒரிஜினல் இஞ்ச அடுப்படியில கிடந்து வேகுது. ஜெராக்ஸுக்குப் பொன்னாடையா?”

பிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் வாயிலிருந்து வந்ததற்கு ஒருத்தி தன் முகத்துக்கு நேராகச் சிரிப்பது ஜெயபாய்க்கு அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த ஜான்ரோஸிடம் கேட்டேவிட்டாள்.

“நான் சொன்னதயெல்லாம் நீங்க சொன்னதுன்னு சொல்லுதியளாக்கும்?”

“ஏட்டி, நீ சொன்னா அது திட்டு. நான் சொன்னாத்தான் ஜோக்கு. கொஞ்சம் ரசம் ஊத்து.”

ரசத்தை ஊற்றினாள். அந்தக் கரண்டி கீழே வருவதற்குள் முடிவும் எடுத்துவிட்டாள். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம். அதுவரை அவருக்கு ஒரு திட்டு வார்த்தை கிடையாது.

நாலு நாள் கழித்துத்தான் ஜான்ரோஸுக்கு உறைத்தது. சரக்கு வரவில்லை! அவள் திட்டுவதைக் குறித்துவைக்கும் குட்டி நோட்டு பாக்கெட்டில் காலியாகக் கிடந்தது. வேண்டுமென்றே வயல் சேற்றில் இறங்கிவிட்டு வந்து, துடைத்த தரையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்தார். ஜெயபாய் துணியை எடுத்துத் துடைத்தாள்.

“ஏட்டி, ஒண்ணும் சொல்லலியா?”

“சேறு நல்ல சேறுதான்.”

மறுநாள் சந்தை கலையும்வரை காத்திருந்து, பூனையும் திரும்பிப் பார்க்காத மீனாகத் தேடி வாங்கி வந்தார். அருமையான வரி ஒன்று அவள் தொண்டைவரை வந்தது. ஒரு துண்டு புட்டை வாயில் அடைத்து அதை உள்ளே தள்ளினாள். மீனைத் தென்னைமூட்டில் புதைத்தாள். பிறகு பின்வாசல் வழியாக ஓடிப்போய் அந்த வரியை பிந்துவிடம் கொட்டினாள். பிந்து ஒன்றுவிடாமல் செல்போனில் பதிந்துகொண்டாள்.

சர்க்கரை வியாதிக்காரரான ஜான்ரோஸ் அவள் கண்ணெதிரே நாலு லட்டு தின்றார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். ஊஹூம். கடைசியில் மானத்தை விட்டுக் கேட்டார்.

“ஒரே ஒரு தடவை திட்டேன் மக்கா.”

“எதுக்குத் திட்டணும்? நீங்க நல்ல மனுசன்லா.”

ஜான்ரோஸுக்கு வேர்த்துக் கொட்டியது. நேராக டாக்டரிடம் போய் பிரஷர் பார்த்துவிட்டு வந்தார்.

விழா அன்று சாயங்காலம் பந்தல் நிறைந்திருந்தது. ஜான்ரோஸ் மைக்கைப் பிடித்தார். வேறு வழியில்லாமல் போன வருஷத்துச் சாளை ஜோக்கையே எடுத்தார். “முப்பதாம் நாள் ஜெபம்!” என்று அவருக்கு முன்னால் கூட்டமே முடித்துவைத்தது. சொந்தமாக ஒன்று முயன்றார்.

“மழையில குடை எதுக்குப் பிடிக்கோம்? நனையாம இருக்க!”

எங்கோ ஒரு குழந்தை அழுதது. சபைச் செயலாளர் அவசரமாக எழுந்து, “அடுத்ததாக, பெண்கள் சங்கத்தின் சார்பில் திருமதி ஜெயபாய் ஜான்ரோஸ்” என்றார். பேரைக் கொடுத்தது பிந்து.

கத்தரிக்காய்க் கறை படிந்த கையோடு ஜெயபாய் மேடையேறினாள். கீழே முந்நூறு முகம். பக்கத்தில் வாய் பிளந்த புருஷன். அவரைப் பார்த்ததும் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இவரு இந்த மேடையில பேசுனதெல்லாம் கர்த்தர் குடுத்த வரமாம். வரம் அவருக்கு, வாயி என்னுதாக்கும்.”

முதல் வரிசை அதிர்ந்தது.

“மேடையில இவருக்குக் கை தட்ட முந்நூறு பேரு. வீட்டுல எனக்குக் கை குடுக்க ஒரு ஆளில்ல.”

பெண்கள் பக்கம் எழுந்து நின்று கை தட்டியது.

“மூணு வாரம் நான் இவரத் திட்டல. பயந்துபோய் டாக்டருட்ட ஓடுனாரு. ‘வீட்டுல ஏதாவது பிரச்சினையா?’ன்னு டாக்டர் கேட்டாரு. ‘ஒரு பிரச்சினையும் இல்ல டாக்டர், அதாக்கும் பயமா இருக்கு’ன்னாரு!”

பந்தல் இரண்டானது. போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மூன்று வாரமாக அடைத்து வைத்ததையெல்லாம் ஜெயபாய் அரை மணிக்கூர் அவிழ்த்துக் கொட்டினாள். சிரிப்புச் சத்தம் இந்தத் தடவை சுவர் தாண்டி வரவில்லை. நேராக அவள் நெஞ்சில் வந்து மோதியது. முடித்தபோது, போதகர் பொன்னாடையோடு எழுந்தார். ஜான்ரோஸ் பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டினார். போதகர் அவரைச் சுற்றிக்கொண்டு போய் ஜெயபாய்க்குப் போர்த்தினார்.

மறுநாள் காலையில் ஜான்ரோஸின் செல்போன் அடித்தது. அஞ்சுகிராமத்துச் சபைக்காரர் ஒருவர்.

“அண்ணாச்சி, எங்க கிறிஸ்மஸ் விழாவுக்கு நீங்க அவசியம் வரணும்.”

ஜான்ரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெயபாய் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: “வந்துட்டாப் போச்சு! எத்தன மணிக்கு மேடையில நிக்கணும்?”

“நீங்க எங்க வேணும்னாலும் நில்லுங்க அண்ணாச்சி. அக்காவ மட்டும் ஆறு மணிக்குள்ள கொண்டு விட்டுருங்க.”